வேட்டை ஓவியங்களையும் விலங்கு ஓவியங்களையும் வீட்டில் மாட்டும் முறை

பழைய வேட்டை ஓவியம் ஒன்றின் அச்சுப்படியை வீட்டுக்கு வாங்க நினைப்பவர், அந்த ஓவியம் எவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கப்படுவதற்காக வரையப்பட்டது என்பதையே முதலில் கேட்டறிய வேண்டும். நடைமுறையில் இந்தக் கேள்வி கடைசியாக எழுகிறது, பெரும்பாலும் எழுவதே இல்லை. சோபாவின் நிறத்துக்கு எந்தப் படம் ஒத்துவரும், வெறுமையாகக் கிடக்கும் சுவரின் நீளம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு, கையில் ஏந்திப் பார்ப்பதற்கென்று மெல்லிய தூரிகையால் வரையப்பட்ட முகலாய ஏட்டை ஆறடிக்குப் பெருக்கியும், மாளிகைச் சுவரை நிறைப்பதற்கென்று தீட்டப்பட்ட ஐரோப்பியப் பெருஓவியத்தை நாட்காட்டி அளவுக்குக் குறுக்கியும் மாட்டிவிடுகிறார்கள். முன்னதில் கோடுகள் தடித்து உயிரற்றுப் போகின்றன. பின்னதில் ஓவியர் மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த விவரங்கள் புள்ளிகளாகிக் கரைந்துவிடுகின்றன. ஓவியத்துக்குரிய தொலைவு தெரிந்துவிட்டால் அளவு, அறை, மாட்டும் உயரம், சட்டம் ஆகிய எல்லாவற்றுக்கும் விடை ஏறக்குறைய தானாகவே வந்துவிடும் என்பதால், இந்த அத்தியாயம் அங்கிருந்தே தொடங்குகிறது.

‘அச்சுப்படி’ என்ற சொல் இங்கே இரண்டு பொருள்களில் ஆளப்படுகிறது. அருங்காட்சியகத்திலுள்ள மூல ஓவியத்தின் நிழற்படக் கோப்பிலிருந்து இன்று அச்சிடப்படுவது ஒரு வகை. மரக்கட்டையிலோ செப்புத் தகட்டிலோ கல்லிலோ உருவம் அமைத்து, அந்தக் காலத்திலேயே பல படிகளாக அச்சிட்டு விற்கப்பட்ட தாள் மற்றொரு வகை. முதல் வகையே பெரும்பாலான வீடுகளுக்கு உரியது. இரண்டாவது வகையைப் பற்றிப் பின்னர் சில குறிப்புகள் தரப்படும்.

வீட்டுக்கு மிகவும் இசைந்த வேட்டை ஓவியங்கள், வீட்டுக்கென்றே வரையப்பட்டவைதாம். பீட்டர் புரூகல் 1565இல் வரைந்து, இன்று வியன்னாவின் குன்ஸ்ட்ஹிஸ்டாரிஷஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ அவற்றுள் முதலிடம் பெறத் தக்கது. ஆண்ட்வெர்ப் நகர வணிகர் ஒருவரின் இல்லத்துக்காக, ஆண்டின் பருவங்களைக் காட்டும் தொடரில் ஒன்றாக வரையப்பட்ட இந்தப் பலகை ஓவியம் 117 செ.மீ. உயரமும் 162 செ.மீ. அகலமும் கொண்டது. மூன்று வேட்டைக்காரர்கள் நமக்கு முதுகைக் காட்டியபடி, தலை கவிழ்ந்த நாய்களோடு பனியில் இறங்கிச் செல்கிறார்கள். ஒருவரின் தோளில் சாய்ந்த ஈட்டியில் ஒரே ஒரு நரி தொங்குகிறது. அன்றைய வேட்டையில் கிடைத்தது அவ்வளவுதான். இடப்பக்கத்து விடுதியின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று மறு கொக்கியில் கோணலாகத் தொங்குகிறது. கீழே உறைந்த குளத்தில் ஊர் முழுவதும் சறுக்கி விளையாடுகிறது. இந்த நரியும் கோணல் பலகையும் தெரியும்வரைதான் அது புரூகலின் ஓவியம். அவை மறைந்துவிட்டால் எஞ்சுவது குளிர்காலக் காட்சி அச்சிட்ட வாழ்த்து அட்டை. ஆகவே 60 செ.மீ. அகலத்துக்குக் குறைவாக இதை அச்சிடக் கூடாது. இடமிருந்தால் 90 செ.மீ.க்குப் போகலாம். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று முழுவதையும் பார்க்கவும், பிறகு நெருங்கி வந்து ஒவ்வொன்றாகத் தேடவும் வழியுள்ள சுவர், அதாவது கூடத்தின் நீண்ட சுவரோ சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரோ, இதற்குத் தகுந்தது.

இத்தாலியில் பவோலோ உச்செல்லோ 1470ஆம் ஆண்டையொட்டி வரைந்த ‘காட்டில் வேட்டை’ என்ற ஓவியம் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதன் அகலம் உயரத்தைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அக்காலத்துச் செல்வர் வீடுகளில் பெட்டகத்துக்கும் இருக்கைக்கும் மேலே, தோள் உயரத்தில் சுவரோடு பதிக்கும் மரப்பலகைகளில் இவ்வாறான நெடிய காட்சிகள் வரையப்பட்டன. இதுவும் அவ்வகையைச் சேர்ந்ததாகவே கருதப்படுகிறது. சிவப்பு உடை அணிந்த வேட்டைக்காரர்களும் குதிரைகளும் மெலிந்த நாய்களும் இரு பக்கங்களிலிருந்தும் காட்டின் நடுவிலுள்ள இருளை நோக்கி ஓடுகின்றனர். தரையில் கிடக்கும் மரத்துண்டுகள்கூட அந்த இருட்டுப் புள்ளியை நோக்கியே சாய்ந்திருக்கின்றன. இணைகோடுகள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் காட்டி ஆழத்தை உண்டாக்கும் இந்த முறைக்கு இயல்தோற்ற முறை என்று பெயர். அந்தப் புள்ளி பார்ப்பவரின் கண்ணுக்கு நேரே அமைந்தால்தான் அது வேலை செய்யும் என்பதால், இந்தப் படத்தைக் கட்டிலின் தலைப்பக்கத்துக்கு மேலேயோ தாழ்ந்த அலமாரிக்கு மேலேயோ மாட்டுவதே முறை. கதவு நிலைக்கு மேல் ஏற்றிவிடக் கூடாது. இருபுறமும் வெட்டிச் சதுரமாக்கி விற்கப்படும் படிகளைத் தொடவே வேண்டாம்.

முகலாய ஓவியங்களின் நிலை வேறு. அக்பர்நாமாவின் ஏடுகளும் ஜஹாங்கீர் காலத்து விலங்கு ஓவியங்களும் மடியில் வைத்து, முகத்தருகே பிடித்துப் பார்ப்பதற்காக வரையப்பட்டவை. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அக்பர்நாமா ஏடுகள் சற்றேறக்குறைய 32 செ.மீ. உயரமே உள்ளன. அவற்றுள் புகழ்பெற்ற இரட்டை ஏடு ஒன்று ‘கமர்கா’ என்ற வளைப்பு வேட்டையைக் காட்டுகிறது. ஆயிரக்கணக்கான ஆட்கள் பெரும் வட்டமாக நின்று, விலங்குகளைப் பல நாள்கள் விரட்டி, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து வேலிக்குள் அடைத்த பிறகு, அரசர் உள்ளே புகுந்து வேட்டையாடுவது கமர்கா எனப்பட்டது. ஏட்டில் அந்த வேலிக்குள் மான்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு சுழல்கின்றன. இந்த நெருக்கம் கையகல அளவில் வியப்பூட்டுகிறது. பெருக்கினால் வெறும் இரைச்சலாகிவிடுகிறது. மூல அளவிலோ, மிஞ்சினால் அதன் ஒன்றரை மடங்கிலோ அச்சிட்டு, படிக்கும் நாற்காலியின் பக்கத்துச் சுவரில், அமர்ந்தவரின் கண் மட்டத்தில் மாட்டுவதே இவ்வகை ஏடுகளுக்குச் செய்யக்கூடிய நல்ல மரியாதை. அறைகளை இணைக்கும் நடையும் பொருத்தமே, ஏனெனில் அங்கே யாரும் ஓரடிக்கு மேல் விலகி நிற்க முடியாது.

ஜஹாங்கீரின் அவையில் இருந்த உஸ்தாத் மன்சூர் வேட்டையை விட்டுவிட்டு விலங்கை மட்டும் பார்த்தவர். அவர் 1621இல் வரைந்த வரிக்குதிரை இதற்குச் சான்று. அபிசீனியாவிலிருந்து வந்த அந்த விலங்கைக் கண்டவர்கள், குதிரையின்மேல் யாரோ வண்ணம் பூசிவிட்டார்கள் என்று ஐயுற்று ஆராய்ந்து பார்த்த செய்தியை ஜஹாங்கீரே தம் நினைவேட்டில் எழுதியிருக்கிறார். பின்னணி ஏதுமின்றி, கட்டிய கயிற்றோடு அமைதியாக நிற்கும் அந்த வரிக்குதிரையைக் குழந்தைகளின் அறையில் மாட்டலாம். ஆல்பிரெக்ட் டியூரர் 1502இல் வரைந்த இளமுயலும் அதே அறைக்கு உரியது. ஏறத்தாழ 25 செ.மீ. உயரமே உள்ள அந்த நீர்வண்ண ஓவியத்தில் முயலின் கண்ணுக்குள் ஒரு சன்னலின் பிம்பம் தெரிகிறது. குழந்தை அதைத் தானே கண்டுபிடிக்கும் உயரத்தில் மாட்டினால் போதும், வேறு அலங்காரம் தேவைப்படாது.

சென்னையோடு தொடர்புள்ள ஓவியம் வேண்டுவோர்க்கு இரண்டு உண்டு. மதராஸ் ஆளுநராக இருந்த ஜார்ஜ் பிகட், இந்தியாவிலிருந்து ஒரு சிவிங்கிப்புலியை இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பரிசாகக் கொண்டுசென்றார். 1764இல் வின்ட்சர் பூங்காவில் அதை ஒரு கலைமானின்மேல் ஏவிப் பார்த்தபோது, மான் கொம்பால் எதிர்த்து அதை விரட்டிவிட்டது. ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்து, இன்று மான்செஸ்டர் கலைக்கூடத்தில் உள்ள பெரிய ஓவியம் அந்த நிகழ்ச்சிக்கு முந்திய கணத்தைக் காட்டுகிறது: கண்ணை மறைத்திருந்த சிவப்புத் தலைமூடி பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது, ஓர் இந்தியப் பணியாளர் விலங்கைப் பிடித்திருக்க, மற்றவர் மான் நிற்கும் திசையைச் சுட்டுகிறார். இந்தியாவில் சிவிங்கிப்புலி அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டதையும், 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிவிங்கிப்புலிகள் குனோ காட்டில் விடப்பட்டதையும் அறிந்தவர்க்கு இந்தப் படம் வெறும் அலங்காரமாக இருக்க முடியாது. மூலம் இரண்டரை மீட்டருக்கு மேற்பட்ட அகலமுடையதாகையால் அச்சுப்படியும் ஒரு மீட்டரை நெருங்குவது நல்லது.

மற்றொன்று எலிசபெத் க்வில்லிமின் பறவை ஓவியங்கள். மதராஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் மனைவியான அவர் 1801 முதல் 1807இல் தாம் இறக்கும்வரை இந்நகரில் வாழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகளை, அவற்றுள் பலவற்றை உயிரளவிலேயே, நீர்வண்ணத்தில் வரைந்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்து 1924இல் லண்டனில் கண்டெடுக்கப்பட்ட அந்தத் தாள்கள் இப்போது மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. தமிழ்நாட்டு வீடொன்றில் ஆங்கிலேயச் சீமான்களின் நரிவேட்டைக் காட்சியை மாட்டுவதைக் காட்டிலும் இவற்றுள் ஒன்றை மாட்டுவது பன்மடங்கு சிறந்தது. உள்ளூரில் காணக்கூடிய பறவைகளே இரு நூற்றாண்டுகளுக்கு முன் எவ்வளவு அன்போடு நோக்கப்பட்டன என்பதற்கு அவை சாட்சி.

உயிரளவு என்ற செய்தி பறவைப் படங்களில் மிக முதன்மையானது. ஜான் ஜேம்ஸ் ஆடுபான் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட ‘அமெரிக்கப் பறவைகள்’ 435 தாள்களைக் கொண்டது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். எல்லாப் பறவைகளையும் உண்மை அளவில்தான் வரைவது என்று அவர் உறுதி பூண்டிருந்ததால், நெடுங்கழுத்துப் பூநாரை அவ்வளவு பெரிய தாளிலும் அடங்காமல், கழுத்தைத் தரைவரை வளைத்துக் குனிந்து நிற்கிறது. அந்த வளைவின் அழகு முழுவதும் தாளின் எல்லையோடு பறவையின் உடல் நடத்திய போராட்டத்திலிருந்து பிறந்தது. ஏ4 தாளில் அச்சிட்டால் அந்தப் போராட்டம் மறைந்து, கோணிய கழுத்து மட்டும் மிஞ்சுகிறது. பெரிய சுவர் இல்லாதவர்கள் ஆடுபானின் பெரும்பறவைகளை விட்டுவிட்டு, சிறு பறவைகளுள்ள தாள் ஒன்றின் உருவப் பகுதியை மட்டும் உண்மை அளவில் அச்சிட்டுக்கொள்ளலாம். வெட்டக் கூடாது என்ற விதிக்கு ஏற்கத்தக்க விலக்கு இது ஒன்றுதான். ஆடுபான் பறவைகளைச் சுட்டு, கம்பியால் நிறுத்திவைத்து வரைந்தவர் என்பதையும் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய விலங்கு ஓவியங்களில் மிகப் பலவற்றின் பின்னால் ஒரு துப்பாக்கி இருக்கிறது.

இங்கே குருதியைப் பற்றிப் பேசியாக வேண்டும். அருங்காட்சியகத்தில் பத்து நிமிடம் பார்க்கும் ஓவியத்தையும், பல்லாண்டுகள் தினமும் காலையில் கண்விழித்துக் காணும் படத்தையும் ஒரே அளவுகோலால் தேர்ந்தெடுக்க இயலாது. ரூபன்ஸ் வரைந்த நீர்யானை முதலை வேட்டையின் ஆற்றல் மறுக்க முடியாதது. ஆனால் ஈட்டியும் பற்களும் மோதும் அந்தக் கணம் ஓய்வறையில் ஓய்வைத் தராது. பதினேழாம் நூற்றாண்டின் டச்சு ஓவியர்கள் தலைகீழாகத் தொங்கும் இறந்த முயல்களையும் அன்னங்களையும் மிகுந்த நேர்த்தியோடு வரைந்தார்கள். வேட்டையாடும் உரிமை பெரும்பாலும் உயர்குடியினரிடம் இருந்தமையால், அந்த உரிமை இல்லாத வணிகர்கள் அதன் பெருமையைப் படமாக வாங்கிச் சுவரில் மாட்டினார்கள். அந்தப் பெருமைக்கு இன்றைய வீட்டில் பொருளில்லை. இதே காலத்து யான் அசெலைன் 1650ஆம் ஆண்டையொட்டி வரைந்து, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் உள்ள ‘அச்சுறுத்தப்பட்ட அன்னம்’ அவற்றைவிட நூறு மடங்கு உயிர்ப்புடையது: நீந்தி நெருங்கும் நாயை எதிர்த்து, முட்டைகளுள்ள கூட்டின்முன் சிறகை விரித்து, கழுத்தை வளைத்துச் சீறி நிற்கிறது ஒரு வெண்ணிற அன்னம், உதிர்ந்த இறகுகள் காற்றில் மிதக்கின்றன. வேட்டையின் பதற்றம் முழுவதும் அதில் இருக்கிறது, சாவு இல்லை. வாசலைத் திறந்ததும் எதிரே தெரியும் சுவருக்கு இதைக் காட்டிலும் நல்ல படத்தைத் தேடுவது அரிது.

படத்துக்குத் துணையாக உண்மையான மான்கொம்பையோ தோலையோ மாட்டும் பழக்கத்தை முற்றிலும் கைவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமைச் சான்று இல்லாமல் அவற்றை வைத்திருப்பது குற்றமாகும். பாட்டனார் காலத்துப் பொருள் என்பது தக்க விடையாகாது.

இனி அச்சிடும் வேலைக்கு வரலாம். மேலே கூறிய ஓவியங்கள் அனைத்தும் பதிப்புரிமைக் காலத்தைக் கடந்தவை. இந்தியச் சட்டப்படி அந்தக் காலம் படைப்பாளியின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும். ரைக்ஸ்மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், ஸ்மித்சோனியன் ஆகியவை பதிப்புரிமை தீர்ந்த பல்லாயிரம் படைப்புகளின் உயர்தரக் கோப்புகளைக் கட்டணமின்றிப் பதிவிறக்கம் செய்ய விட்டிருக்கின்றன. சில நிறுவனங்கள் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டுமே இசைவதால், விதிகளைப் படித்துக்கொள்வது நலம். கோப்பு போதுமான அளவுடையதா என்பதை எளிதில் கணக்கிடலாம். அருகிலிருந்து பார்க்கும் படத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். பிக்சல் என்பது மின்னணுப் படத்தின் மிகச் சிறிய வண்ணப் புள்ளி. 60 செ.மீ. என்பது 23.6 அங்குலம் ஆகையால், அந்த அகலத்துக்கு ஏறக்குறைய 7,100 பிக்சல் தேவை. இரண்டு மீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்கும் படத்துக்கு இதில் பாதி போதும். முகலாய ஏடுகளுக்கு மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது. ஒரே ஓவியத்துக்குப் பல கோப்புகள் பல வண்ணச் சாயலில் கிடைக்கும்போது, ஓவியத்தை வைத்திருக்கும் நிறுவனமே வெளியிட்டதைக் கொள்ள வேண்டும். பழமையாகத் தோன்றட்டும் என்று மஞ்சள் சாயம் ஏற்றப்பட்ட படிகள் ஓவியருக்குச் செய்யும் அநீதி.

அச்சகத்தில் கேட்க வேண்டியவை மையும் தாளும். இங்க்ஜெட் முறையில் டை மை, பிக்மென்ட் மை என்று இரண்டு உண்டு: முதலாவது திரவத்தில் முழுவதும் கரைந்த சாயம், விரைவில் வெளிறுவது, இரண்டாவது கரையாத நுண்ணிய நிறமித் துகள்களால் ஆனது, பல மடங்கு நீடிப்பது. அமிலமற்ற பருத்தித் தாள், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையளவில், பளபளப்பில்லாத பரப்போடு இருந்தால் நீர்வண்ணத்துக்கும் ஏட்டோவியத்துக்கும் மிகப் பொருந்தும். கான்வாஸ் துணியில் அச்சிடுவது எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு மட்டுமே தகும். துணியின் இழைகள் மன்சூரின் மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும். கான்வாஸை மரச்சட்டத்தின் பக்கவாட்டில் மடித்து ஒட்டும்போது ஓரங்கள் மறைகின்றன என்பதால், மடிப்புக்கென வெற்று ஓரம் விட்டு அச்சிடும்படி சொல்ல வேண்டும்.

பழைய அசல் அச்சுத்தாள் என்று சொல்லி விற்கப்படுவதை வாங்கும் முன் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். சீரான வண்ணப் புள்ளிகள் பூவடிவில் கூடியிருந்தால் அது அண்மைக்கால ஆஃப்செட் அச்சு. சாமுவேல் ஹோவிட்டின் ஓவியங்களோடு 1807இல் நூலாக வெளிவந்த வில்லியம்சனின் இந்திய வேட்டைக் காட்சிகள் அக்வாடின்ட் முறையில் ஆனவை. செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவி அமிலத்தால் அரித்து நிழல்களை உண்டாக்கும் அந்த முறையில், ஒழுங்கற்ற மணல் போன்ற நுண்மணிகள் தெரியும், வண்ணம் கையால் பூசப்பட்டிருக்கும். தகட்டு அச்சில் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய தடமும் வழக்கமாக இருக்கும், ஓரம் வெட்டப்படாதிருந்தால்.

சட்டம் போடும் கடையில் மூன்று செய்திகளை வற்புறுத்த வேண்டும். முதலாவது, தாள் கண்ணாடியைத் தொடக் கூடாது. தொட்டால் மழைக்கால ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது மை உரிந்துவரும். நடுவில் சன்னல்போல் வெட்டிய அமிலமற்ற மவுண்ட் அட்டை இந்த இடைவெளியைத் தருவதோடு, சிறு ஏடுகளுக்குச் சுற்றிலும் அமைதியான வெளியையும் கொடுக்கிறது. கையளவு முகலாய ஏட்டுக்கு நாற்புறமும் 8 முதல் 10 செ.மீ. வரை தாராளமாக விடலாம். இரண்டாவது, தாளை ஃபெவிகால் தடவி அட்டையோடு முழுவதும் ஒட்டாமல், மேல் விளிம்பில் மட்டும் அமிலமற்ற காகிதப் பட்டையால் தொங்கவிட வேண்டும், ஏனெனில் தாள் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும். மூன்றாவது, பின்பக்கத்தை ஒட்டுப்பட்டையால் இடைவெளியின்றி மூட வேண்டும். காகிதத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சி நுழைவது பெரும்பாலும் அங்கேதான். சட்டத்தின் நிறத்தைச் சோபாவோடு ஒப்பிடாமல் படத்தின் இருண்ட நிறத்தோடு ஒப்பிட்டுத் தேர்ந்தால் பிழை வராது. தங்க முலாம் பூசிய அகன்ற சட்டம் ஸ்டப்ஸுக்குப் பொருந்தும்; ஆடுபானுக்கும் க்வில்லிமுக்கும் மெல்லிய தேக்குச் சட்டமே அழகு.

நின்று பார்க்கும் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருப்பது அருங்காட்சியகங்களின் பொதுவான வழக்கம். பாயிலோ தாழ்ந்த இருக்கையிலோ அமரும் அறையில் இதை ஓரடி இறக்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டு வீடுகளில் சாமி படங்களையும் முன்னோர் படங்களையும் உயரத்தில் மாட்டிப் பழகியதால் எல்லாப் படங்களும் மேலே ஏறிவிடுகின்றன, ஓவியங்களுக்கு அந்த உயரம் ஆகாது. நேரடி வெயில் எந்த மையையும் வெளிறச் செய்யும். மேற்குச் சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்க்க வேண்டும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டியே தீரவேண்டுமானால், சட்டத்தின் கீழ் மூலைகளில் ரப்பர்த் துண்டுகளை ஒட்டிச் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றோட விட வேண்டும். துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டுமே தவிர, கண்ணாடியின்மேல் தெளிக்கக் கூடாது. வழியும் நீர் கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கி மவுண்ட் அட்டையைக் கறையாக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை படங்களை இறக்கிப் பின்பக்கத்தைச் சோதித்து, பூஞ்சைப் புள்ளிகள் தென்பட்டால் சட்டத்தைப் பிரித்து அட்டையை மாற்றி, அந்தச் சுவர் நன்றாக உலரும்வரை வேறிடத்தில் மாட்டிவைப்பது நல்லது.